கலங்கிய நீரும் தெளிந்த வானமும்: ஆங்கிலத்தின் பதற்றச் சொற்கள், அமைதிச் சொற்கள்

ஆங்கிலம் - தமிழ் அகராதி ஒன்றைத் திறந்து 'அஜிடேட்டட்', 'டிஸ்டர்ப்டு', 'பெர்டர்ப்டு', 'அப்செட்', 'ஆங்ஷஸ்' ஆகிய சொற்களுக்குப் பொருள் பாருங்கள். கலக்கமுற்ற, மனம் குழம்பிய, அமைதியிழந்த என்று ஏறத்தாழ ஒரே விடைதான் ஐந்துக்கும் வரும். எதிர்ப்பக்கத்தில் 'காம்', 'க்வயட்', 'ஸ்டில்', 'செரீன்', 'பீஸ்ஃபுல்' என்ற ஐந்துக்கும் 'அமைதியான' என்ற ஒரே சொல் காத்திருக்கும். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி வாக்கியம் எழுதப் போனால், கூச்சல் போடும் பிள்ளைகளிடம் 'காம்' ஆக இருங்கள் என்று சொல்லிவிடுவோம். கண் கலங்கி நிற்கும் நண்பரை 'டிஸ்டர்ப்டு' என்று குறிப்பிட்டு, அவருக்கு மனநலம் சரியில்லை என்று பிறர் நினைக்கும்படி செய்துவிடுவோம்.

இந்தச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காட்சி இருக்கிறது. சேறு கலந்த நீர், கவிழ்ந்த படகு, நெரிபடும் கழுத்து, மேகமில்லாத வானம். அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டால், எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். தமிழ் வாசகருக்கு இதில் கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. இதே காட்சிகளில் பல நம் மொழிக்குள்ளும் இருக்கின்றன.

கலங்கிய நீர்

நீர் கலங்கும், கண் கலங்கும், மனம் கலங்கும். அடியில் படிந்திருந்த மண் மேலெழுந்து தெளிவைக் கெடுப்பதைச் சொல்லும் அதே வினையைத்தான் மனத்துக்கும் நாம் வைத்திருக்கிறோம். இலத்தீன் மொழியும் இதே வழியில்தான் போயிருக்கிறது. அங்கே 'துர்பா' என்றால் கூட்டம், கூட்டத்தின் அமளி. 'துர்பாரே' என்றால் குழப்புதல், கலக்குதல். 'துர்பிதுஸ்' என்றால் கலங்கலான. இந்த ஒரு குடும்பத்திலிருந்துதான் ஆங்கிலத்தின் 'டிஸ்டர்ப்', 'பெர்டர்ப்', 'டர்பிட்', 'டர்புலன்ஸ்' எல்லாம் வந்தன. அன்றாடம் புழங்கும் 'ட்ரபிள்' கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததில் உருவம் மாறிவிட்டது. கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்று நாம் சொல்வதை ஆங்கிலத்திலும் அப்படியே சொல்கிறார்கள், அங்கே கலங்கிய நீருக்கு அவர்கள் வைக்கும் அடைமொழி 'ட்ரபிள்டு'. தொல்லை என்று மட்டும் நாம் அறிந்திருக்கும் சொல், அந்தத் தொடரில் தன் பழைய சேற்றோடு நிற்கிறது.

இவற்றில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'டிஸ்டர்ப்'. இந்தச் சொல்லைப் பயன்படுத்த, அதற்கு முன்பு ஏதோ ஒன்று அசையாமல் இருந்திருக்க வேண்டும். தூக்கம், கூட்டில் அடைகாக்கும் பறவை, மேசையின் மேல் படிந்த தூசி, ஒருமுகப்பட்ட சிந்தனை. வெளியிலிருந்து ஒன்று வந்து அதைக் கலைத்தால் அது 'டிஸ்டர்ப்'. விடுதி அறைக் கதவில் தொங்கும் அட்டை கேட்பதும் அதைத்தான். தமிழில் 'தொந்தரவு' என்ற ஒரே சொல் செய்யும் வேலையை ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. நிலைத்திருந்ததைக் கலைத்தால் 'டிஸ்டர்ப்'. ஓடிக்கொண்டிருந்த பேச்சையோ வேலையையோ நடுவில் துண்டித்தால் 'இன்டரப்ட்', அதன் இலத்தீன் வேருக்கே உடைத்தல் என்றுதான் பொருள். சின்னச் சின்னதாக நச்சரித்தால் 'பாதர்'. தூங்குபவரை 'இன்டரப்ட்' செய்ய முடியாது.

இதே சொல்லின் இரண்டு வடிவங்களை மிகவும் கவனமாகப் பிரிக்க வேண்டும். ஒரு செய்தியை 'டிஸ்டர்பிங்' என்றால், படித்த பிறகும் மனம் படியாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். மிக இயல்பான பயன்பாடு. ஒரு மனிதரை 'டிஸ்டர்ப்டு' என்று பொதுவாகச் சொன்னால் அது கனமான சொல். அவர் மனநிலையே நிரந்தரமாகக் குலைந்திருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். இன்ன செய்தியால் கலங்கினார் என்று காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் அந்தப் பொருள் நீங்கிவிடும். காரணம் சொல்லாமல் வருத்தத்தை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் 'அப்செட்' போதும். கற்பவர்கள் தெரியாமல் பிறரைப் புண்படுத்திவிடும் இடம் இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'பெர்டர்ப்' அதே குடும்பத்தின் அடக்கமான உறுப்பினர். பேச்சில் அதிகம் வராது, எழுத்தில் வரும். லேசாக நிலை பிறழ்ந்தார் என்ற அளவு. அறிவியலில் இந்தச் சொல்லுக்கு அழகான ஒரு பணி உண்டு. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அதன் பாதையைக் கணக்கிட்டவர்கள், அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிறிது விலகியே ஓடுவதைக் கவனித்தார்கள். அந்த விலகலுக்கு வானியலர்கள் தரும் பெயர் 'பெர்டர்பேஷன்'. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதன் நிலையைக் கலைக்கிறது என்று எண்ணிய பிரெஞ்சுக் கணிதவியலர் லெ வெரியே, அந்த ஒன்று எங்கே இருக்கும் என்று தாளிலேயே கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு, பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. ஒரு சிறு கலக்கத்தைப் பின்தொடர்ந்து ஒரு கோளையே பிடித்துவிட்டார்கள். 'பெர்டர்ப்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், பாதையை விட்டு முழுவதுமாக விலகாத, சற்றே தள்ளாடும் யுரேனஸை நினைத்துக்கொண்டால் அதன் அளவு மறக்காது. எதற்கும் அசையாதவரை 'இம்பெர்டர்பபிள்' என்பார்கள். எந்தக் கோளாலும் இழுக்கப்படாத கோள்.

'டர்புலன்ஸ்' விமானத்தில் ஏறியவர்களுக்குத் தெரிந்த சொல். இருக்கைப் பட்டையை மாட்டச் சொல்லும்போது வரும். ஒழுங்காக ஓடும் காற்றோ நீரோ சுழல்களாக உடைவதுதான் அது. 1883இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்திப் பார்த்தார். நீர் மெதுவாக ஓடியவரை சாயம் நூல் போல நேராகச் சென்றது. வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் நூல் சிதறிச் சுழன்று குழாய் முழுவதும் நிறம் பரவியது. நாட்டின் அரசியலையோ ஒருவரின் இளமைக் காலத்தையோ 'டர்புலன்ட்' என்று எழுதும்போது அந்தச் சிதறிய சாயத்தைத்தான் மனத்தில் வைக்க வேண்டும். தமிழில் இதற்குக் 'கொந்தளிப்பு' மிக நன்றாகப் பொருந்துகிறது.

இனி, கலங்கிய நீரை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? மண் கீழே படியும், மேலே தெளியும். அடியில் படியும் வண்டலை ஆங்கிலம் 'செடிமென்ட்' என்கிறது. நோயாளியின் பதற்றத்தைத் தணிக்க மருத்துவர் தரும் மருந்து 'செடட்டிவ்'. இரண்டு சொற்களும் உறவினர்கள். அமர்தல் என்ற பொருள் தரும் இலத்தீன் வேர் இரண்டிலும் இருக்கிறது. ஒன்றில் மண் அமர்கிறது, மற்றொன்றில் மனம். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'செட்டில்' கூட இருக்கை என்ற பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்ததுதான். வயிறு 'அன்செட்டில்டு', வானிலை 'அன்செட்டில்டு', மனம் 'அன்செட்டில்டு' என்று அவர்கள் சொல்லும்போது, மூன்றிலும் ஏதோ ஒன்று இன்னும் உட்காரவில்லை.

அசைவும் கவிழ்வும்

'அஜிடேட்' என்பதன் வேர் 'ஓட்டு, செலுத்து' என்ற பொருளுடையது. ஒருமுறை செலுத்துவது போதாது, திரும்பத் திரும்ப இப்படியும் அப்படியும் உலுக்க வேண்டும். மேலிருந்து துணி போடும் துவைக்கும் இயந்திரங்கள் சிலவற்றின் நடுவில் நின்று துணியை அப்படியும் இப்படியும் புரட்டும் தண்டுக்கு 'அஜிடேட்டர்' என்றுதான் பெயர். மனிதரைப் பற்றிச் சொல்லும்போதும் இந்த உடல் அசைவு போகவில்லை. 'அஜிடேட்டட்' ஆன ஒருவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுவார், நடப்பார், கைகளைப் பிசைவார், சொன்னதையே சொல்வார். மருத்துவக் குறிப்புகளில் இந்தச் சொல் வந்தால் நோயாளியின் உடல் அமைதியின்றி இருக்கிறது என்றே படிக்க வேண்டும். நம் 'பதற்றம்', 'படபடப்பு' இரண்டும் இதற்கு மிக அருகில் வருகின்றன.

பொது வாழ்வில் இதே சொல் போராட்டம் ஆகிறது. ஒரு கோரிக்கைக்காக மக்களைத் திரட்டி ஆட்சியை உலுக்குவது 'அஜிடேஷன்'. தமிழில் 'கிளர்ச்சி'யும் இதேபோல் உள்ளும் வெளியும் ஆள்கிறது. உள்ளக் கிளர்ச்சி என்கிறோம், மக்கள் கிளர்ச்சி என்கிறோம். இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஆழ்ந்து சிந்திப்பதைக் குறிக்கும் 'காஜிடேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பல எண்ணங்களை ஒன்றாகப் போட்டு உலுக்குவதே சிந்தனை என்று உரோமானியர் கண்டிருக்கிறார்கள். 'நான் சிந்திக்கிறேன், எனவே இருக்கிறேன்' என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தின் புகழ்பெற்ற இலத்தீன் வாக்கியம் தொடங்குவதும் அந்த வினையில்தான்.

அசைவுக்கு இன்னொரு வேரும் உண்டு. 'மோஷன்' என்றால் அசைவு, 'கமோஷன்' என்றால் அமளி, 'எமோஷன்' என்றால் உணர்ச்சி. 16ஆம் நூற்றாண்டில் 'எமோஷன்' ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது மக்களிடையே எழும் கலவரத்தையும் குறித்தது. தெருவில் இருந்த சொல் மெல்ல நெஞ்சுக்குள் குடிபுகுந்தது.

'அப்செட்' வேறு வகை. தொடக்கத்தில் இதற்கு நிமிர்த்தி நிறுத்துதல் என்ற நேர்மாறான பொருள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கவிழ்த்தல் என்ற பொருள் நிலைபெற்றுவிட்டது. படகு கவிழும், வண்டி கவிழும், வயிறு புரளும், போட்டியில் எதிர்பார்த்தவர் தோற்றால் கணிப்பு கவிழும். மனம் கவிழ்ந்தாலும் இதே சொல்தான். கோபமா, துக்கமா, ஏமாற்றமா என்று இந்தச் சொல் பிரித்துச் சொல்வதில்லை. மூன்றும் கலந்திருக்கும். அதனால்தான் ஒருவரின் உணர்வைச் சரியாகத் தெரியாதபோது 'அப்செட்' பாதுகாப்பான தேர்வு. 'அஜிடேட்டட்' ஆனவர் நடந்துகொண்டே இருப்பார். 'அப்செட்' ஆனவர் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்து அழலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

கழுத்தை நெரிக்கும் சொற்கள்

கவலை வந்தால் தொண்டை அடைக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது என்கிறோம். பல பக்கத்திலிருந்தும் துன்பம் சூழ்வதை 'நெருக்கடி' என்கிறோம். ஆங்கிலமும் இதே இடத்தில்தான் கை வைத்திருக்கிறது. 'ஆங்ஷஸ்', 'ஆங்ஸைட்டி' இரண்டும் நெரித்தல், இறுக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. 'ஆங்க்விஷ்' என்ற கடுந்துயரச் சொல்லும், நெஞ்சு இறுகி வலிக்கும் 'ஆஞ்சைனா' என்ற இதய நோயின் பெயரும் அதே இறுக்கத்தின் வெவ்வேறு முகங்கள். கோபத்தைக் குறிக்கும் 'ஆங்கர்' வடக்கு ஐரோப்பிய மொழி வழியாக வந்தாலும் மிகப் பழைய வேரில் இவற்றோடு சேர்கிறது.

'வொர்ரி' இன்னும் கொடியது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கழுத்தை நெரித்துக் கொல்லுதல் என்றே பொருள். பிறகு வேட்டை விலங்கு இரையின் கழுத்தைப் பல்லால் கவ்வி உலுக்குவதைக் குறித்தது. இன்றும் நாய் ஆடுகளைத் துரத்திக் கடித்தால் ஆங்கிலத்தில் 'வொர்ரி' என்ற வினையைப் பயன்படுத்துகிறார்கள். மனக்கவலை என்று நாம் அறிந்த பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. கவலை நம்மைக் கவ்வி உலுக்குகிறது என்று தமிழில் எழுதினால் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

பயன்பாட்டில் இப்படிப் பிரியும். 'வொர்ரி' பெரும்பாலும் குறிப்பிட்ட ஒன்றைப் பற்றியது. பிள்ளையின் உடல்நிலை, கட்ட வேண்டிய கடன். 'ஆங்ஷஸ்' வரப்போவதைப் பற்றிய, இன்னும் உருவம் தெளியாத அச்சம். 'நெர்வஸ்' என்பது மேடை ஏறுவதற்கு முன்போ நேர்காணலுக்கு முன்போ வந்து, அது முடிந்ததும் போய்விடுவது. 'ஆங்ஷஸ்' உடன் ஒரு வினை நேரடியாகச் சேர்ந்தால் மட்டும் பொருள் திரும்பிவிடும். உங்களைச் சந்திக்க 'ஆங்ஷஸ்' ஆக இருக்கிறேன் என்று ஒருவர் எழுதினால் அவர் பயப்படவில்லை, ஆவலாகக் காத்திருக்கிறார்.

'பேனிக்' பற்றிச் சுருக்கமாக. கிரேக்கரின் காட்டுத் தெய்வமான பான், ஆளில்லாத இடங்களில் மனிதருக்கும் மந்தைக்கும் காரணமில்லாத திடீர் அச்சத்தை உண்டாக்குவான் என்று நம்பினார்கள். அதனால் இந்தச் சொல்லில் திடீர்த்தன்மை உண்டு, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் தன்மையும் உண்டு. தமிழில் 'பீதி'.

நாம் தமிழிலேயே சேர்த்துக்கொண்ட 'டென்ஷன்' பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இழுத்துக் கட்டிய கயிறுதான் அதன் காட்சி. தமிழ்ப் பேச்சில் கோபம், அவசரம், கவலை எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள இழுவிசை. இரண்டு நாடுகளுக்கிடையே, இரண்டு சகோதரர்களுக்கிடையே. ஒரு மனிதர் இறுகியிருந்தால் 'டென்ஸ்' என்றால் போதும். அதன் பின்னால் இறந்தகால விகுதி சேர்த்து 'டென்ஸ்டு' ஆக இருக்கிறேன் என்று சொல்வது நம்மிடம் அதிகம் கேட்கும் பிழை.

ஒரே 'அமைதி', பல அறைகள்

இதுவரை சொன்னது எளிய பாதி. தமிழருக்கு உண்மையான தடுமாற்றம் அமைதியின் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் 'அமைதி' மிகப் பெரிய சொல். ஓசையின்மை, அசைவின்மை, போரின்மை, மனத்தெளிவு, நிலத்தின் இயல்பு எல்லாமே அதற்குள் அடங்கும். ஆங்கிலம் அந்த வீட்டைச் சுவர் வைத்துப் பல அறைகளாகப் பிரித்துவிட்டது. நுழையும் முன் எந்த அறை என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

ஓசையைப் பற்றிப் பேசினால் 'க்வயட்'. கொஞ்சம் ஓசை இருக்கலாம், தொல்லை தரும் அளவுக்கு இல்லை. அறவே ஓசை இல்லை என்றால் 'சைலன்ட்'. கூச்சலிடும் வகுப்பில் ஆசிரியர் கேட்பது 'க்வயட்'. 'க்வயட்' என்பதன் இலத்தீன் மூலம் ஓய்வு என்ற பொருளுடையது, அதனால்தான் வேலை குறைந்த நாளையும் ஆரவாரமற்ற வாழ்க்கையையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். இதன் எழுத்துக்களில் கடைசி இரண்டை இடம் மாற்றினால் 'முற்றிலும்' என்ற பொருள் தரும் 'க்வைட்' ஆகிவிடும். எழுதும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.

அசைவைப் பற்றிப் பேசினால் 'ஸ்டில்'. இலை அசையவில்லை, நீர் அசையவில்லை, படம் எடுக்கும்போது குழந்தை அசையவில்லை.

சண்டையும் உடன்பாடும் பற்றிப் பேசினால் 'பீஸ்'. இதன் இலத்தீன் வேர் ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் என்பதோடு உறவுடையது, 'பாக்ட்' என்ற உடன்படிக்கைச் சொல் அதன் அக்கா. பணம் கொடுத்தலைக் குறிக்கும் 'பே' கூட கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துதல் என்ற பொருளிலிருந்து வந்தது. ஆக, 'பீஸ்' என்பதன் அடியில் இரண்டு தரப்புகள் இருக்கின்றன. ஒருவர் தன்னோடு தானே 'பீஸ்' கொண்டார் என்றால், அவருக்குள் இருந்த இரண்டு தரப்புகள் சண்டையை நிறுத்தியிருக்கின்றன.

இனி 'காம்'. எழுத்தில் 'எல்' உண்டு, பெரும்பாலோர் அதை ஒலிப்பதில்லை. இந்தச் சொல்லின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்கத்தில் 'கௌமா' என்றால் சுட்டெரிக்கும் வெப்பம். எரிக்கும் வேதிப்பொருளைச் சொல்லும் 'காஸ்டிக்' அதே வேரில் பிறந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளில் உச்சிவெயில் நேரத்தில் வேலை நின்றுவிடும், மனிதரும் விலங்கும் நிழலுக்கு ஒதுங்குவார்கள். வெயிலைச் சொன்ன சொல் வெயில் நேரத்து ஓய்வைச் சொல்லத் தொடங்கியது, பிறகு கடலும் காற்றும் அடங்கிக் கிடப்பதைச் சொன்னது என்பது சொல்லறிஞர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். அனலில் பிறந்த சொல் தணிவைக் குறிப்பதாகிவிட்டது.

மாலுமிகளிடம் அது நீண்ட காலம் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. சுழியத்திலிருந்து 12 வரை செல்லும் அதில் 12 சூறாவளி, சுழியத்துக்குப் பெயர் 'காம்'. அப்போது கடல் கண்ணாடி போல இருக்கும், புகை நேராக மேலே போகும். கரையில் நிற்பவருக்கு அது அழகு. பாய்மரக் கப்பலில் இருப்பவருக்கு அது ஆபத்து. நிலநடுக்கோட்டை ஒட்டிய 'டோல்ட்ரம்ஸ்' பகுதியில் காற்று படுத்துவிட்டால் கப்பல்கள் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நகராமல் கிடக்கும், குடிநீர் தீரும். 'பிகாம்டு' என்ற சொல்லை எங்காவது பார்த்தால் அமைதி பெற்ற என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். காற்றில்லாமல் நடுக்கடலில் சிக்கிய என்று பொருள்.

இந்தக் கடல் பின்னணி தெரிந்தால் மனிதரைப் பற்றிச் சொல்லும்போது 'காம்' என்ன செய்கிறது என்பது புரியும். புயல் வீசக்கூடிய இடத்தில் வீசவில்லை. சுற்றிலும் பதற்றம் இருக்க, இவர் குரல் உயரவில்லை, கை நடுங்கவில்லை. பதறக் காரணமே இல்லாத ஒருவரை 'காம்' என்று புகழ்வதில் பொருள் குறைவு.

'கீப் காம்', 'காம் டவுன்' என்ற இரண்டு தொடர்களும் ஒன்றல்ல. முதலாவது, இப்போது இருக்கும் நிலையிலேயே இருங்கள் என்கிறது. கேட்பவர் பதறவில்லை என்று அது ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டில், அமைதி காத்துப் பணியைத் தொடருங்கள் என்ற பொருள்பட பிரிட்டிஷ் அரசு அச்சிட்ட சிவப்புச் சுவரொட்டி தொடங்கியது 'கீப் காம்' என்றுதான். 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சாகியும் பொதுமக்கள் கண்ணில் அது ஏறக்குறைய படவே இல்லை, பெரும்பாலானவை காகிதக் கூழாகிவிட்டன. 2000இல் வட இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் உலகெங்கும் பரவியது. 'காம் டவுன்' அப்படியில்லை. நீ ஏற்கெனவே நிலை தவறிவிட்டாய், கீழே இறங்கு என்று அது சொல்கிறது. கோபத்தில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் கோபம் கூடுவதைப் பலரும் பார்த்திருப்போம். அங்கே உறுத்துவது 'டவுன்' என்ற அந்தச் சிறு சொல். வருந்தி நிற்பவரிடம், கோபத்தில் இருப்பவரிடம் அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

'செரீன்' வானத்துச் சொல். இலத்தீனில் மேகமற்ற, தெளிந்த என்று பொருள். முகத்தில் கவலையின் நிழல் கூட இல்லாதவருக்கும், பார்த்தாலே மனம் விரியும் காட்சிக்கும் பொருந்தும். 'ட்ராங்க்வில்' அதன் பக்கத்து வீடு, பெரும்பாலும் இடங்களுக்கு வரும். இரண்டு சொற்களும் நிலாவில் இருக்கின்றன. 1651இல் இத்தாலிய வானியலர் ரிச்சோலி வெளியிட்ட நிலா வரைபடத்தில் கரிய சமவெளிகளுக்கு அமைதிக் கடல், தெளிவுக் கடல், புயல் பெருங்கடல் என்றெல்லாம் பெயரிட்டார். 1969 ஜூலையில் அப்போலோ 11 இறங்கியது 'ட்ராங்க்விலிட்டி' பெயருடைய அமைதிக் கடலில். அதே ஆண்டு நவம்பரில் அப்போலோ 12 இறங்கியது புயல் பெருங்கடலில். காற்றும் நீரும் இல்லாத அந்த நிலத்தில் இரண்டுமே உறைந்த எரிமலைப் பாறைதான். புயலும் அமைதியும் பெயரில் மட்டும் இருந்தன.

'ப்ளாசிட்' எளிதில் கலங்காத இயல்பைச் சொல்வது. ஏரிக்கும் சாதுவான குதிரைக்கும் நன்றாக இருக்கும். மனிதருக்குச் சொன்னால் சற்று மந்தமானவர் என்ற சாயை விழும்.

அமைதிப் பக்கத்தில் நம் மொழிக்கு மிக நெருங்கி வருவது 'கம்போஸ்'. துண்டுகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்து வைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். இசையமைப்பதற்கும் அதே வினைதான். அழுதுகொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்து, மூச்சை இழுத்துவிட்டு, பேசத் தயாராவதை ஆங்கிலத்தில் தன்னை 'கம்போஸ்' செய்துகொண்டார் என்பார்கள். சிதறியிருந்தவர் தம்மை மீண்டும் அமைத்துக்கொண்டார். நம் 'அமைதி'யின் வேரும் 'அமை' தானே! இசையும் அமைக்கப்படுகிறது, வீடும் அமைக்கப்படுகிறது, மனமும் அமைகிறது. இரண்டு மொழிகளும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

எச்சரிக்கை ஒன்று பாக்கி இருக்கிறது. 'ரெஸ்டிவ்' என்ற சொல்லில் 'ரெஸ்ட்' தெரிகிறது என்பதற்காக ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம். நகர மறுத்து அடம்பிடிக்கும் குதிரைக்கு இடப்பட்ட பெயர் அது. அடம்பிடிக்கும் குதிரை சும்மா நிற்காது, தலையை உதறும், காலை உதைக்கும். பார்த்தவர்கள் மெல்ல அந்தத் துடிப்புக்கே சொல்லை மாற்றிவிட்டார்கள். இன்று 'ரெஸ்டிவ்' கூட்டம் என்றால் பொறுமையிழந்து வெடிக்கத் தயாராக இருக்கும் கூட்டம்.

இப்போது ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை நடைபாதை. உள்ளே அறுவை சிகிச்சை நடக்கிறது. வெளியே நாற்காலியில் ஒரு பெண், மடியில் கைகளைக் கோத்தபடி, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். தமிழில் 'அவர் அமைதியாக அமர்ந்திருந்தார்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். வாசகர் தமக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் அருகில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேசவில்லை, ஆகவே 'க்வயட்'. அசையவில்லை, ஆகவே 'ஸ்டில்'. ஆனால் கோத்த விரல்களின் கணுக்கள் வெளுத்திருக்கின்றன, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தொண்டை ஏறி இறங்குகிறது. 'காம்' என்று எழுத முடியாது.